வாசகர் ஒருவர் கேட்டார்

எரியோடு கிளை நூலகம்
9 ஜூன் 2024

அன்புள்ள ஐரின் அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நானும் ரூபியும் தமிழ்மதியும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஒடிசா மலையில் மழை இறங்கிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். மழை வந்தால் உங்கள் டவர் படுத்துவிடும், போனில் உன்னைப் பிடிக்க முடியாது. அதனால் வருஷா வருஷம் செய்வதுபோல ஜூன் பிறந்ததும் தாளை எடுத்துவிட்டேன்.

நூலகத்தில் கூரை ஒழுகலை அடைத்தாயிற்று. அதற்காகப் பழைய புத்தகங்களையெல்லாம் இறக்கி, தூசி தட்டி, திரும்ப அடுக்கினேன். தும்மல் இன்னும் விட்டபாடில்லை. வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்துவிடுகிறார்கள். வெயிலுக்கு ஒதுங்குகிறவர்களும் உண்டு. அவர்களும் வாசகர்கள்தான் என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.

உன் மிஷன் பள்ளி நூலகத்தை நீயும் இந்தக் கிளையை நானும் ஏற்ற நாளிலிருந்து, விடை தெரியாத கேள்விகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோமே, அந்தக் கணக்கில் இந்த மாதம் சில. தக்காளி போடும் நாச்சிமுத்து, டீக்கடையில் பந்தயம் கட்டிவிட்டு வந்து, "சாரு, திமிங்கலம் தூங்குமா தூங்காதா?" என்றார். பாதி மூளை தூங்கும், பாதி விழித்திருக்கும் என்று படித்துக் காட்டினேன். "அப்ப எங்க பஞ்சாயத்து கிளார்க்கு மாதிரின்னு சொல்லுங்க" என்று போய்விட்டார். வாசலில் பூக்கட்டும் அய்யம்மாள் போனை நீட்டி, "பார்சல் வந்திருக்காம், இதைத் தொடச் சொல்றாக, தொடட்டுமா?" என்றார். தொடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. இது உங்கள் மருந்தகத்து நர்ஸ் சிஸ்டர் ரீனாவிடம் கேட்க வேண்டியது. வாசகர் ஒருவர் கேட்டார்: வலது கண்ணால் பார்த்தால் நேர்கோடு நடுவில் வளைந்து தெரிகிறதாம். புத்தகம் படித்தால், பார்க்கிற எழுத்தின் மேலேயே காப்பி சிந்தினாற்போல ஒரு கறையாம். வலி இல்லையாம். என்னவாக இருக்கும்? அவசரமில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அன்புத் தம்பி,
கிளெமென்ட்


புனித அன்னாள் மிஷன் பள்ளி, ஒடிசா
2 ஜூலை 2024

அன்புத் தம்பி கிளெமென்ட்டுக்கு,

என்றென்றும் புகழ். உன் கடிதம் கீழே சந்தையூரில் பத்து நாள் கிடந்து, ஜீப்பில் நேற்றுதான் ஏறி வந்தது. என் முழங்கால் படியேறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது. மற்றபடி சுகம். தமிழ்மதி பத்தாம் வகுப்பா இப்போது? பயப்படாமல் படிக்கச் சொல்.

என் நூலக அறையில் இரண்டு ஓட்டை. ஒன்றின் கீழ் வாளி, இன்னொன்றின் கீழ் குண்டான். பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டே படிக்கிறார்கள். உன் திமிங்கலத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "எந்தப் பாதி தூங்குகிறது என்று அதற்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இது உனக்கு.

உன் வாசகர் விஷயத்தைச் சிஸ்டர் ரீனாவிடம் சொன்னேன். மருந்து அளந்துகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "சும்மா தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது. விழித்திரையில் ஏதோ இருக்கிறது. என்னவென்று பார்த்தால்தான் தெரியும். உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்" என்றார். வயது என்ன, சர்க்கரை உண்டா, ஒரு கண்ணா இரண்டுமா, வழக்கமாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார். நீ அவரிடம் விசாரித்து எழுது. அதற்குள் மதுரைக்கு அனுப்பி வை. இதை நீ தள்ளிப்போடுகிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். முன்பு பட்டாவுக்கு அலைந்த ஒருவருக்காகத் தாலுகா ஆபீசுக்கே கூடப் போனவன் நீ.

உங்களுக்காக ஜெபிக்கும்
ஐரின் அக்கா


எரியோடு
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே வீட்டில் எல்லோரும் சௌகரியம். உங்கள் வாளியும் குண்டானும் நிறையாமல் இருக்கட்டும்.

திமிங்கலத்துக்கு எந்தப் பாதி என்று தெரியுமா என்பதற்கு விடை கிடைக்கவில்லை. நாச்சிமுத்துவிடமே கேட்டேன். "தூங்குறவனுக்குத் தான் தூங்குறது தெரியுமா சாரு?" என்றார். அந்தப் பெண்ணிடம் சொல்.

இங்கே வேலை அதிகம். புதுப் புத்தகங்கள் இரண்டு கட்டு வந்திருக்கின்றன, எண் போட வேண்டும். பிள்ளைகள் கதை கேட்கும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பைத் தமிழ்நிலா என்ற கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். நன்றாகவே வாசிக்கிறாள், என்னைவிடக் குரல் ஏற்றி இறக்கி. பைக்கை நிறுத்திவிட்டு இப்போது திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில்தான் வந்து போகிறேன். இடுப்பு வலி. பஸ்ஸும் நன்றாகத்தான் இருக்கிறது, ஜன்னலோரம் கிடைத்தால் ஒரு தூக்கம் போடலாம். தும்மலுக்கு மார்ச்சிலேயே மருந்துக்கடையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று போட்டால் அன்றைக்கு முழுக்கத் தும்மல் கிட்டே வராது. தூசிக்குள் வேலை செய்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்த வாசகரை அப்புறம் நான் பார்க்கவில்லை. வயது நாற்பத்து நான்கு இருக்கும். சர்க்கரை இல்லை. ஒரு கண்தான். மாத்திரை எதுவும் சாப்பிடுவதாகத் தெரியவில்லை. வந்தால் சொல்கிறேன்.

அன்புத் தம்பி,
கிளெமென்ட்


மிஷன் பள்ளி
11 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

என்றென்றும் புகழ். நாங்கள் எல்லோரும் நலம். உன் இடுப்பு வலிக்கு என்ன வைத்தியம் பார்க்கிறாய் என்று நீ எழுதவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். உன் கையெழுத்தைப் பார்த்து அப்பா, அச்சு மாதிரி இருக்கிறது என்பார். இந்தத் தடவை வரிகள் வலப்பக்கம் இறங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. பஸ்ஸில் எழுதினாயோ என்னவோ.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்க்காமலே மனப்பாடமாகப் பாடம் நடத்தினார். கதவில் இடித்துக்கொண்டபோது இருட்டு என்றார். நமக்குத் தெரிந்தபோது ஐம்பது வயது, கண்ணில் நீர் அழுத்தம் முற்றிவிட்டது. "முன்னாடியே வந்திருந்தா காப்பாத்திருக்கலாம் பவுல்ராஜ் சார்" என்று டாக்டர் சொன்னபோது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். பிறகு அவர் இருந்த வரைக்கும் நாளிதழை நாம் இருவரும் மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினோம்.

அந்த வாசகரை எப்படியாவது பிடித்து இதைச் சொல். அப்பாவுக்கு வந்தது வேறு, அவருக்கு வந்திருப்பது வேறு என்கிறார் சிஸ்டர் ரீனா. பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்தால்தான் இரண்டும் ஒன்றாகிப் போகும் என்றும் சொன்னார்.

அப்புறம், உன் வெள்ளை மாத்திரையின் பெயர் என்ன? அட்டையைப் பார்த்து எழுது. உனக்குப் படிக்கச் சிரமமாக இருந்தால் ரூபியிடம் கொடு.

ஐரின் அக்கா


மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
15 செப்டம்பர் 2024

மதிப்புள்ள மதினி அவர்களுக்கு,

ரூபி வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் தமிழ்மதியும் நானும் நலம். தாங்களும் தங்களோடு இருக்கும் சிஸ்டர்மாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் ஆகஸ்ட் மாதக் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் தம்பி அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பதில் போட்டீர்களா என்றால், "போடணும்" என்கிறார். நான் திறந்து படிக்கவில்லை.

வீட்டில் ஆள் சரியாக இல்லை மதினி. நாளிதழை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே இருக்கிறார், பக்கம் மட்டும் திரும்புவதில்லை. மாலை ஜெபத்தில் வேதாகமம் படிப்பது எப்போதும் அவர்தான். இப்போது தமிழ்மதியிடம் தள்ளிவிடுகிறார். டம்ளரில் ஊற்றின காப்பி மேஜையில் ஓடுகிறது. கேட்டால், "தூக்கம் சரியில்ல, அம்புட்டுத்தான். ஏன் தோண்டித் தோண்டிக் கேட்கிற?" என்று எரிந்து விழுகிறார். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் இப்படி என்னிடம் பேசியதில்லை.

குடியா என்று சந்தேகப்பட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள், அப்படியும் நினைத்தேன். மோந்தும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வேறு எதுவும் மனதில் இருக்கிறதா என்றும் பயமாக இருக்கிறது. உங்களிடம் எதையும் மறைக்க மாட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, தெரிந்துவிட்டால் தாங்கிக்கொள்வேன்.

தங்கள் அன்புள்ள,
ரூபி


மிஷன் பள்ளி
29 செப்டம்பர் 2024

கிளெமென்ட்,

உன் மனைவி எனக்கு எழுதியிருக்கிறாள். நீ குடிக்கிறாயோ என்று மோந்து பார்க்கிற நிலைக்கு அவளைக் கொண்டுவந்திருக்கிறாய்.

அவளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. நீ சொல்ல வேண்டியதை நான் எழுதி அவள் படிக்கக் கூடாது. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே சொல்லிவிடு. அடுத்த ஜீப் போகிற நாள் வரைக்கும்தான் பொறுப்பேன். அதற்குமேல் எழுதிவிடுவேன்.

ஊரிலுள்ள எல்லோருக்கும் வழி சொல்கிறாய். "டாக்டரைப் பாருங்க, தள்ளிப்போடாதீங்க" என்று நீ எத்தனை பேரை அனுப்பியிருப்பாய். அந்த வாசகரையும் அனுப்பு தம்பி. அவர் யாரென்று முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியாமல் போனதற்காக இரண்டு மாதமாகத் தூக்கமில்லாமல் கிடக்கிறேன்.

உன் மேல் கோபமில்லை. பயம்தான்.

அக்கா


மேட்டுப்பட்டி
10 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

இயேசுவுக்குப் புகழ். உன் கடிதம் நேற்று மாலை வந்தது. அதற்கு முந்தின நாளே ரூபியிடம் சொல்லிவிட்டேன். உனக்குப் பயந்து சொன்னேன் என்று நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

நான்தான் அந்த வாசகர். மே மாதக் கடைசியில் ஒரு நாள் புத்தகத்துக்கு எண் எழுதும்போது அடுக்குப் பலகை நடுவில் வளைந்து தெரிந்தது. மரம் வளைந்துவிட்டதென்று கையால் தடவிப் பார்த்தேன். நேராக இருந்தது. அன்றைக்கு வந்த பயம் அக்கா, இன்றுவரை போகவில்லை. அப்பாவுக்குப் படித்துக் காட்டின நாட்களெல்லாம் ஞாபகம் வந்துவிட்டன. டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் நூலகர் இல்லை என்றாகிவிடும். சொல்லாத வரைக்கும் இருக்கிறேன். அவ்வளவுதான் என் கணக்கு. இடது கண் நன்றாக இருந்ததால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

சமாளிக்க முடியவில்லை. போன மாதக் கடைசியில் நாச்சிமுத்து தக்காளிக்கு அடிக்கிற மருந்து டப்பாவைக் கொண்டுவந்தார். அவர் கண்ணாடி உடைந்திருந்தது. "லிட்டருக்கு எம்புட்டு ஊத்தணும்னு பாத்துச் சொல்லுங்க சாரு" என்றார். எழுத்து பொடி. எட்டு மில்லி என்றேன். அது மூன்று. அவர் முதல் டேங்கை அடித்து முடித்தபோது அவர் மகன் பிரபு டப்பாவைப் படித்துப் பார்த்துத் தடுத்திருக்கிறான். அதற்குள் இரண்டு வரிசை இலை கருகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வந்து சொன்னார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் கோபப்படவில்லை அக்கா. என் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு வரிசைதான். தளுத்துக்கும், இல்லாட்டிப் பிடுங்கிட்டு நட்டுக்கிறேன். ஆனா சாரு, நான் கண்ணாடி இல்லாமக் கேட்டேன். நீங்க கண்ணாடி போட்டுக்கிட்டுத் தப்பாச் சொன்னீங்க. நீங்க தப்பாச் சொல்ற ஆளில்ல. கண்ணு என்ன பண்ணுது?" என்றார்.

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கேட்கும்படி நான் விட்டதில்லை. அத்தனை பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் கூடத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "வீட்டுல சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். "மொதல்ல அதைச் செய்ங்க" என்று சொல்லி, அவரே என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

ரூபி அழவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்து, "இம்புட்டு நாளா இதுதானா?" என்றாள். சிரித்தாள்கூட. பிறகு தட்டை என் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்க, திங்கக்கிழமை மதுரைக்குப் போறோம்" என்று முடித்துவிட்டாள்.

பதினான்காம் தேதி போகிறோம். ஜெபித்துக்கொள் அக்கா.

கிளெமென்ட்


மதுரை, கண் ஆஸ்பத்திரியிலிருந்து
14 அக்டோபர் 2024

அன்புள்ள மதினிக்கு,

வணக்கம். கையெழுத்து என்னுடையது, பேச்சு உங்கள் தம்பியுடையது. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருப்பதால் அவருக்கு இப்போது எழுத முடியாது. "இன்னைக்கே எழுது, இன்னைக்கே தபால்ல போடு" என்று கேண்டீனில் வைத்துப் படுத்துகிறார்.

இனி அவர் சொல்வது:

அக்கா, கண் போகவில்லை. போகவும் போகாது என்கிறார்கள்.

விழித்திரைக்குக் கீழே நீர் கோத்திருக்கிறதாம். படம் எடுத்துக் காட்டினார் டாக்டர் அம்மா. தோசைக்கல்லில் மாவு உப்பினாற்போல நடுவில் ஒரு சின்ன மேடு. அவ்வளவுதான். அப்பாவுக்கு வந்தது இது இல்லை என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார், ரூபி உள்ளே நுழைந்ததும் அதைத்தான் கேட்டிருந்தாள். கண்ணில் அழுத்தமும் அளந்து பார்த்தார்கள். சரியாக இருக்கிறது.

பிறகு, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

(நான்தான் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன் மதினி. தும்மல் மாத்திரை. நீங்கள் அதன் பெயரைக் கேட்டிருந்தீர்களாமே.)

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "எத்தனை மாசமா?" மார்ச்சிலிருந்து என்றேன். நடுவில் பழைய புத்தகம் தட்டியபோது இரண்டாக்கினேன் என்றும் சொன்னேன். "யார் எழுதிக் கொடுத்தது?" யாருமில்லை. அது ஸ்டீராய்டு மாத்திரையாம். இந்த நீர் கோப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாமாம். மனக்கவலையும் தூக்கமில்லாமையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாமாம். "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். நூலகர் என்றேன். "படிக்கிற வேலை. அட்டையைப் படிக்கலையா?" என்றார்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம். குறைத்துக் குறைத்து நிறுத்த எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆபரேஷன் இல்லை, ஊசி இல்லை. பெரும்பாலும் தானாக வற்றிவிடுமாம், இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். தும்மலுக்கு முகமூடியும் ஈரத்துணியும்.

(அவர் சொல்வது முடிந்தது. இது நான். வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஓடிப்போய் இரண்டு டீ வாங்கி வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பயம் போனதிலேயே பாதி சரியாகிவிட்டதோ என்னவோ.)

தங்கள்,
ரூபியும் கிளெமென்ட்டும்


மிஷன் பள்ளி
3 நவம்பர் 2024

அன்புள்ள ரூபிக்கும் கிளெமென்ட்டுக்கும்,

என்றென்றும் புகழ், என்றென்றும் புகழ். ஒரு தடவை எழுதினால் போதவில்லை.

கடிதத்தைச் சிஸ்டர் ரீனாவிடம்தான் கொண்டுபோனேன். எனக்குப் பிரிக்கத் தைரியமில்லை, கிழித்துக் கொடுத்தது அவர்தான். "கண் போகவில்லை" என்ற வரியைப் பார்த்ததும் மருந்தகத்து வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். வரிசையில் நின்ற பழங்குடிப் பெண்கள் ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். இல்லை, பிழைத்துவிட்டான் என்று சொன்னேன். அப்புறம் அவர்களும் சேர்ந்து அழுதார்கள்.

ரூபி, உனக்கு நான் பதில் எழுதாமலே இருந்தேன். காத்திருந்தது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அவன் வாயால் நீ கேட்க வேண்டும் என்றுதான் பிடித்துவைத்தேன். பொறுத்துக்கொள் அம்மா.

கிளெமென்ட், சிஸ்டர் ரீனா உனக்குச் சொல்லச் சொன்னது: அந்த மருந்துக்கடைக்குப் போய் யாருடனும் சண்டை போடாதே. ஆனால் உன் நூலகத்தில் ஒரு கூட்டம் போடு. சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நீ சொன்னால் கேட்பார்கள்.

டவர் எழுந்துவிட்டது. போனில் பேசலாம். ஆனாலும் இதைத் தாளில்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. டிசம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து என்ன சொன்னாலும் போன் செய்யாதே, எனக்கு மூச்சு நின்றுவிடும். எழுது.

ஐரின் அக்கா


மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
16 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். எல்லோரும் சுகம். இந்தத் தடவை அந்த வார்த்தையை உண்மையாகவே எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே நூலக வாரத்தில் கூட்டம் போட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு டாக்டரைக் கூப்பிட்டேன். எல்லோரும் வீட்டிலிருக்கிற மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரலாம் என்று பலகையில் எழுதினேன். பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்தால் கூடம் நிறைந்து வாசல்வரை நின்றார்கள். அய்யம்மாள் முந்தானையில் முடிந்து ஒரு கை நிறையக் கொண்டுவந்தார். நான் எழுந்து என் கதையைச் சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது, சொன்னபிறகு இல்லை. நாச்சிமுத்து முன்வரிசையில் இருந்துகொண்டு, "என் தக்காளிதான் சாருக்கு வைத்தியம் பாத்துச்சு" என்றார். கூடமே சிரித்தது. அந்த இரண்டு வரிசையில் முக்கால்வாசிச் செடி தழைத்துவிட்டது.

வியாழக்கிழமை மதுரையில் படம் எடுத்தார்கள். மேடு இல்லை. கட்டம் போட்ட தாளைக் காட்டி, "கோடு எப்படித் தெரியுது?" என்றார் டாக்டர். நேராக இருக்கிறது என்றேன். நிறம் கொஞ்சம் மங்கல்தான், அதுவும் தெளியும் என்றார். சில பேருக்குத் திரும்ப வரலாம், அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்றும் சொன்னார். வருவேன் என்றேன். "இவர் வரலைன்னா நான் இழுத்துட்டு வாரேன்" என்றாள் ரூபி.

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை. இரண்டாம் வாசகம் படிக்கிறவர் வரவில்லை. பங்குச்சாமி பீடத்திலிருந்து தேடினார், என் மேல் கண் நின்றது. ஆறு மாதமாக நான் அந்தப் பார்வைக்குத் தப்பித் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து வந்தேன். எழுந்து போனேன். பெரிய புத்தகம், சிவப்பு நாடா. வலது கண்ணை மூடாமல், இடது கண்ணால் சமாளிக்காமல், இரண்டு கண்ணாலும் பார்த்தேன். எழுத்து அதன் இடத்தில் இருந்தது அக்கா. முதல் வரியில் குரல் கொஞ்சம் ஆடியது. பிறகு நிதானித்து, ஒரு சொல் விடாமல் படித்தேன்.

ரூபி நான்காம் பெஞ்சில் இருந்தாள். நான் படிக்கும் நேரமெல்லாம் தலை நிமிரவில்லை, முக்காட்டைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றேன். கோயில் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், அவள் குரல் மட்டும் தனியாக, சத்தமாக முந்திக்கொண்டு வந்தது.

"இறைவனுக்கு நன்றி."

அன்புத் தம்பி,
கிளெமென்ட்